மேல்தட்டு வண்டுகள்

வெம்பிளியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்கு இரண்டு எதிரிகள். ஒருவர் எதிர்ப்பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், மற்றது அரிசி வண்டு. முதலாமவரோடு புவனேந்திரன் எப்போதோ சமாதானமாகிவிட்டார். சண்டை பிடித்துக் களைத்துப்போய் இரண்டு பேரும் இப்போது ஒரே வான் வண்டியில் சரக்கு எடுக்கிறார்கள். வண்டோடு மட்டும் சமாதானப் பேச்சே கிடையாது. ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்து கடை திறந்த நாள் முதல், அரிசி மூட்டையை அவிழ்த்ததும் கையை முழங்கை வரை உள்ளே விட்டு, ஒரு பிடி அள்ளி, வெளிச்சத்தில் விரித்து, அதில் ஏதாவது கறுப்புப் புள்ளி நகர்கிறதா என்று பார்ப்பது அவருடைய காலைக் கடன்களில் ஒன்று. நகர்ந்தால் பெருவிரலால் ஒரே நசுக்கு. அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

அப்படிப்பட்ட மனிதருடைய ஹரோ வீட்டுக்குள், 2009ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், அவருடைய ஒரே மகள் சாருஜா இரண்டு பெட்டி நிறையக் கண்ணாடிப் போத்தல்களைக் கொண்டுவந்து இறக்கினாள். ஒவ்வொரு போத்தலிலும் கொஞ்சம் அரிசி இருந்தது. வாய்க்கு மெல்லிய துணி கட்டியிருந்தது. உள்ளே அரிசிக்கு மேலும் கீழும் கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தன.

"பிள்ளை, உது என்ன?"

"வண்டு, அப்பா."

"வண்டெண்டு எனக்குத் தெரியும். ஏன் உயிரோட இருக்கு?"

சாருஜா விளக்கினாள். அவள் பல்கலைக்கழகம் ஒன்றில் பூச்சிகளைப் பற்றி ஆய்வுப் படிப்புப் படிக்கிறவள். கரீபியன் கடலில் மொன்செராட் என்றொரு தீவு இருக்கிறது. அங்கே ஒரு எரிமலை பல வருடங்களாக அடுப்பு மாதிரிப் புகைந்துகொண்டும் சாம்பலைக் கொட்டிக்கொண்டும் இருக்கிறது. அந்தச் சாம்பல் காட்டிலும் தோட்டத்திலும் விழும்போது அங்குள்ள பூச்சி புழுக்களுக்கு என்ன நடக்கிறது, எது சாகிறது, எது தப்புகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. அந்தத் தீவிலிருந்து வந்த சாம்பலை அளந்து அரிசியில் கலந்து, அதற்குள் வண்டுகளை விட்டுப் பார்க்கிறாள். எளிதாகக் கிடைக்கிற பூச்சி, எளிதாக வளர்கிற பூச்சி அது. எளிதாக வளரும் என்பதைப் புவனேந்திரனுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

வண்டுகளைச் சூடாக வைத்திருக்கும் பெட்டி பல்கலைக்கழகத்தில் பழுதாகிவிட்டது. திருத்த ஆள் வர ஒரு மாதம் ஆகுமாம். முதல் வருட முடிவில் மூன்று பேர் முன்னால் இருந்து கேள்வி கேட்கிற பரீட்சையோ கந்தசஷ்டி முடிந்த கையோடு வருகிறது. அதில் தேறினால்தான் மேலே படிக்கலாம். தவறினால் சின்னப் பட்டம் ஒன்றைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே கடைசிச் சோதனையை வீட்டிலே வைத்துச் செய்யப் புரொபசரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி வந்திருந்தாள். மாடியில் குளியலறைக்குப் பக்கத்தில் வெந்நீர்த் தாங்கி இருக்கிற அலுமாரிதான் இலக்கு. அந்த வீட்டில் அதற்குச் சூட்டு அலுமாரி என்று பெயர்.

"என்ரை துவாயளை எங்கை வைக்கிறது?" என்று கேட்டாள் கலாவதி. புவனேந்திரனின் மனைவிக்குக் குளித்துத் துவட்டுகிற துவாய்கள் சுடச்சுட இருக்க வேண்டும். அந்தக் குளிர் நாட்டில் அவள் கேட்டது அந்த ஒரு சுகம்தான்.

"கொஞ்ச நாளைக்கு அம்மா, பிளீஸ்."

புவனேந்திரனுக்கோ வேறு கவலை. பலசரக்குக் கடைக்காரன் வீட்டில் வண்டு வளர்க்கிறான் என்று வெளியே தெரிந்தால் பிறகு யார் அவனிடம் அரிசி வாங்குவார்கள்? "ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது," என்றார். "முக்கியமா அம்பலவாணன் அண்ணைக்கு." அம்பலவாணன் பென்ஷன் எடுத்துக்கொண்டு வீட்டிலிருக்கும் மனிதர். இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவருடைய காதில் விழுந்தது எதுவும் மாலைக்குள் அம்பலத்துக்கு வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர் அவருக்கு வெகு பொருத்தம்.

ஆனாலும் அப்பா சம்மதித்தார். மகள் "டொக்டராகப் போறா" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தவர் அவர்தான். எந்த டொக்டர் என்று சொல்லாததால், வாடிக்கையாளர்கள் சிலர் சாருஜாவைக் கடையில் கண்டால் முழங்கால் நோவைப் பற்றியும் சீனி வருத்தத்தைப் பற்றியும் விசாரிப்பார்கள்.

அலுமாரியின் இரண்டு தட்டுகளிலும் போத்தல்களை அடுக்கி, தட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டு, தட்டுக்கு ஒன்றாகத் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியும் வைத்தாள் சாருஜா. மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் ஒரே சாம்பல், ஒரே அளவு. "சூரன்போர் அண்டைக்குத்தான் எண்ணுவன். அதுவரைக்கும் நான் திறக்கமாட்டன். நீங்களும் போத்தலைத் தொடக்கூடாது," என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். வீட்டில் வண்டுக்குக் கொலைகாரன் அவர்தான் என்று அவளுக்குத் தெரியாதா?

அந்த வருடக் கந்தசஷ்டியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். புவனேந்திரன் வழக்கமாக ஆறு நாளும் ஒரு நேரம் சோறு சாப்பிட்டு விரதம் இருப்பவர். அந்த வருடம் மட்டும் அது போதாது. சித்திரையிலும் வைகாசியிலும் அவரும் கலாவதியும் பாதி நாளில் கடையைப் பூட்டிவிட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய்ச் சனத்தோடு சனமாக நின்றார்கள். போரை நிறுத்தச் சொல்லித் தொண்டை வற்றக் கத்தினார்கள். வன்னியில் நடந்தது நடந்துதான் முடிந்தது. கலாவதியின் ஒன்றுவிட்ட அண்ணன் யோகராஜா குடும்பத்தோடு, சண்டை நெருங்கிவந்த வன்னிக் கடற்கரையில் மாட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக அவர் கதைத்த போது ஷெல்லைப் பற்றிச் சொல்லவில்லை. "தண்ணிதான் இல்லை, தங்கச்சி," என்றார். பிறகு லைன் போய்விட்டது.

அன்றைக்குப் புவனேந்திரன் முருகனுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். மச்சான் உயிரோடு வந்தால், ஆறு நாளும் பகலில் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருப்பேன், இரவில் ஒரு கிளாஸ் பாலும் பழமும் மட்டும்தான் என்று. யோகராஜா உயிரோடு வந்தார். இப்போது முகாமில் இருக்கிறார். கடன் அடைக்கிற வருடம் இது. ஆனால் சொல்லத்தான் வேண்டும், வைகாசிக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. சிரிப்பு வந்தாலும் களவு செய்த மாதிரி ஒளித்துக்கொண்டார்கள்.

விரதத்தின் முதல் நாள் வீறாப்போடு போனது. இரவு பாலைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்த புவனேந்திரன், பொழுதுபோக்காக மகளிடம் கேட்டார்.

"பிள்ளை, உந்தச் சாம்பல் வண்டை எப்பிடிக் கொல்லுறது? நஞ்சோ?"

"நஞ்சில்லை அப்பா. வண்டின்ரை தோலுக்கு மேலை மெல்லிசா மெழுகு பூசியிருக்கும். அதுதான் உள்ளுக்கை இருக்கிற தண்ணியை வெளியிலை போக விடாமல் வச்சிருக்கிறது. எரிமலைச் சாம்பல் எண்டா பாக்க மா மாதிரி இருக்கும், ஆனால் உண்மையிலை அது பொடிக் கண்ணாடி. வண்டு நடக்க நடக்க அது உரஞ்சி, மெழுகு போயிடும்."

"போனால்?"

"தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போகும். சாம்பல் நேரை கொல்லுறதில்லை, அப்பா. தாகம்தான் கொல்லுது."

புவனேந்திரன் எச்சில் விழுங்கப் பார்த்தார். விழுங்குவதற்கு எச்சில் இல்லை. "ம்," என்றார்.

இரண்டாம் நாள் விடிய வெள்ளன எழும்பிக் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு குளியலறையை விட்டு வெளியே வந்தவர், சூட்டு அலுமாரிக்கு முன்னால் நின்றார். ஏன் நின்றார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சும்மா ஒரு பார்வை பார்ப்போம் என்று திறந்தார். திரையை விலக்கினார். கண் உயரத்தில் மேல்தட்டுப் போத்தல்கள். சாம்பல் படிந்து நரைத்துப் போன வண்டுகள் கண்ணாடியில் ஏறப் பார்த்தன. ஏறின, வழுக்கின, மறுபடி ஏறின. கடையில் அவர் கண்ட வண்டுகள் விரலைக் கண்டதும் ஓடி ஒளிக்கிற வண்டுகள். இவை ஓடவில்லை. ஒன்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவருடைய மூக்குக்கு நேரே வந்து நின்றது.

அவருடைய நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிப்போய் இருந்தது. அந்த நேரத்தில் வண்டின் பாடு அவருக்கு விளங்கிய மாதிரி லண்டனில் எந்தப் புரொபசருக்கும் விளங்கியிருக்காது.

திரும்பிக் குளியலறைக்குப் போனார். குழாயைத் திறந்து துவாய் ஒன்றை நன்றாக நனைத்து, பாதி பிழிந்து, மடித்து, மேல்தட்டில் போத்தல்களுக்குப் பின்னால் சுவரோடு வைத்தார். போத்தலைத் தொடக்கூடாது என்றுதான் சாருஜா சொல்லியிருந்தாள். அவர் தொடவில்லை. துவாயைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கீழ்த்தட்டுக்கும் ஒன்று வைக்கத்தான் நினைத்தார். குனிந்தார், தலை கிறுகிறுவென்று சுற்றியது. அலுமாரிக் கதவைப் பிடித்து நிமிர்ந்தார். "கீழ்த்தட்டு ஆக்கள் குறை நினைக்கக் கூடாது," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். இந்த உலகத்தில் ஈரம் எப்போதும் மேல்தட்டுக்குத்தான் முதலில் போய்ச் சேருகிறது, அதற்குப் புவனேந்திரன் என்ன செய்வார்?

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. விடிய நனைத்து வைப்பார். மாலையில் காய்ந்து மொறமொறத்துப் போன துவாயை எடுத்து அழுக்குக் கூடையில் போடுவார். மனத்துக்கு ஏதோ நிம்மதியாக இருந்தது. தான் செய்தது மகளின் படிப்புக்கு உலை வைக்கிற வேலை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எரிமலைக்கும் ஈரத்துவாய்க்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் கலாவதிக்குக் காது கூர்மை. விடிய விடியக் குழாய் திறக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. குளிக்கிற தண்ணீரின் சத்தம் வேறு. இது குளித்து முடித்து, ஆள் வெளியே வந்து, மறுபடி களவாக உள்ளே போய்த் திறக்கிற சத்தம். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாவது முறை கேட்டதும் பொறுக்க முடியவில்லை.

"இஞ்சருங்கோ, ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லுங்கோ. முருகன் கோவிக்கமாட்டார்."

"என்ன ஏலாது?"

"விடியப்புறம் பைப்பைத் திறந்து என்ன செய்யிறியள்? நான் ஒண்டும் செவிடில்லை."

புவனேந்திரன் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் அது மகளுக்குப் போகும். மகள் திறக்காதே என்று சொன்ன அலுமாரியைத் திறந்தது வெளிச்சத்துக்கு வரும். வாயை மூடிக்கொண்டார். களவாகத் தண்ணீர் குடித்தவன் வேறு எப்படி முழிப்பான்? அப்படியே முழித்தார்.

கலாவதியின் கண் நிறைந்துவிட்டது. "யோகண்ணைக்கு வச்ச நேர்த்தி," என்றாள். அப்படியே திரும்பிக் கீழே இறங்கிப் போனாள். சண்டை பிடித்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

துக்கத்தை நெஞ்சுக்குள் வைத்திருக்க முடியாமல் கலாவதி அதை அம்பலவாணனின் மனைவி தவநாயகியிடம் போனில் இறக்கிவைத்தாள். அடுத்த நாள் மாலை கோயிலில் அம்பலவாணன் புவனேந்திரனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் கை போட்டார்.

"தம்பி, வயசு போகுதெல்லே. நான் போன வருஷமே மூண்டு நேரமும் பாலும் பழமும் எண்டு மாத்தியிட்டன். களவாக் குடிக்கிறதிலும் பார்க்கச் சொல்லிப்போட்டுக் குடிக்கலாம்."

புவனேந்திரனுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. "அண்ணை, நான் ஒரு சொட்டும் குடிக்கேல்லை."

"நான் எங்கை குடிச்சனியள் எண்டு சொன்னனான்?" என்றார் அம்பலவாணன் அன்பாக. அந்த அன்புதான் தாங்க முடியாமல் இருந்தது. அரை மணி நேரத்துக்குள் பூசைக்கு வந்திருந்த ஐந்தாறு பேர் அவரை அதே அன்போடு பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் விடியவும் அவர் துவாயை நனைத்தார். குழாயை மட்டும் நூல் போலத் திறந்துவைத்து, சத்தம் கேட்காதபடி வெகுநேரம் நின்று நனைத்தார். நேர்த்திக் கடனைக் காப்பாற்றிக்கொண்டே நேர்த்தி முறித்தவன் என்ற பெயர் எடுக்கிற அதிசயத்தை முருகன்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சூரன்போர் அன்று துவாயை நேரத்தோடு எடுத்துவிட்டுத்தான் புவனேந்திரன் கோயிலுக்குக் கிளம்பினார். கோயில் திமிலோகப்பட்டது. ஆனைமுகம் விழுந்தது, சிங்கமுகம் விழுந்தது, சிறுசுகள் ஆர்ப்பரித்தன. சேவலும் மயிலும் வந்து முடிந்ததும் புவனேந்திரன் கலாவதியையும், காரில்லாமல் வந்த அம்பலவாணனையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தவநாயகியின் பாத்திரம் ஒன்று கலாவதியிடம் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு போகிறேன் என்று அம்பலவாணனும் உள்ளே வந்தார்.

மாடிப்படியில் சாருஜா இருந்தாள். கண் சிவந்து போயிருந்தது. கையில் போன்.

"புரொபசரோட கதைக்கப் போறன்," என்றாள். "கீழ்த்தட்டிலை கிட்டத்தட்ட எல்லாம் செத்துப்போச்சு. அது சரி. அப்பிடித்தான் நடக்கவேணும். மேல்தட்டிலை முக்கால்வாசி உயிரோட நடந்து திரியுது. ஒரே சாம்பல். ஒரே அளவு. நான்தான் தராசிலை பிழை விட்டிருக்கிறன். இந்த லட்சணத்திலை பரீட்சைக்குப் போய் இருந்து என்னத்தைச் சொல்லுறது? பழைய கணக்கையும் நம்ப ஏலாது எண்டு சொல்லப் போறன். படிப்பை விடுறன் எண்டாலும் சரிதான்."

"ஐயோ பிள்ளை," என்றாள் கலாவதி.

அம்பலவாணனுக்குக் காது நீண்டது. "என்ன தங்கச்சி, மேல்தட்டு? எது செத்தது?"

புவனேந்திரன் செருப்பைக் கழற்றினபடி அசையாமல் நின்றார். வண்டு விஷயம் வெளியே போனால் கடை போகும். அலுமாரி விஷயம் சொன்னால் மகளின் முகத்தில் முழிக்க முடியாது. எல்லாவற்றையும் கேட்கத் தயாராக, பாத்திரத்துக்குக் கூட கை நீட்டாமல், அம்பலவாணன் பக்கத்திலேயே நிற்கிறார். ஆனால் படியில் இருக்கிறவள், செய்யாத பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போனில் இலக்கம் தேடுகிறாள். புவனேந்திரனால் அதைப் பார்க்க முடியவில்லை.

"பிள்ளை, போனை வை. தராசு பிழையில்லை. துவாய்."

"என்ன துவாய்?"

சொன்னார். விடிய நனைத்ததை, பின்னால் மடித்து வைத்ததை, மாலையில் எடுத்ததை, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

"ஓ மை கோட், அப்பா!" சாருஜா படியை விட்டு எழுந்தாள். "நான் திறக்க வேண்டாம் எண்டு சொன்னனான்தானே! என்ரை ஒரு வருஷப் படிப்பு! கடையிலை ஒரு வண்டைக் கண்டா நசுக்கிற ஆள் நீங்கள்! எத்தினை வருஷமா நசுக்கிறியள்! என்ரை வண்டுக்கு மட்டும் எங்கையிருந்து வந்தது இந்த இரக்கம்?"

"கடையிலை நசுக்கிறது டக்கெண்டு முடிஞ்சிடும், பிள்ளை." புவனேந்திரன் படியருகே வந்து நின்றார். "இது அப்பிடியில்லை. தாகத்திலை சாகுது எண்டு நீதான் சொன்னனீ. நான் கண்ணாடிக்கு இஞ்சாலை நிக்கிறன், அதுகள் அங்காலை நிக்குதுகள். இந்த வருஷம் முழுக்க நாங்கள் அப்பிடித்தானே நிண்டனாங்கள்? டீவிக்கு இஞ்சாலை, போனுக்கு இஞ்சாலை. ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க ஏலேல்லை. இதுகளுக்கு எண்டாலும் ஏலும் எண்டு பாத்தன். பிழைதான். மன்னிச்சுக்கொள்ளு."

சாருஜாவின் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அவள் முகத்திலேயே நின்றது.

கலாவதிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப... நீங்கள் தண்ணி குடிக்கேல்லையோ?"

"இல்லை."

"ஒரு மிடறும்?"

"சத்தியமா இல்லை. எல்லாம் வண்டுக்குத்தான்."

கலாவதி அவரைப் பார்த்தாள். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, ஊரெல்லாம் கள்ள விரதக்காரன் என்று பெயர் வாங்கி, வண்டுக்காக வாயை மூடிக்கொண்டிருந்த மனிதனைப் பார்த்தாள். அழுகைதான் வந்தது. வந்த அழுகை பாதி வழியில் வேறாகிவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்திப் பயனில்லை என்று கண்டதும் பொத்தாமல் சிரித்தாள். "நான் தவநாயகிக்குப் போன் எடுத்து அழுதனான்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அம்பலவாணன் ஹாலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்தார். புவனேந்திரனுக்கும் சிரிப்பு வந்து, சிரித்தால் உதடு வெடித்து நோகிறதென்று ஒரு கையால் உதட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வைகாசிக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படியொரு சத்தம் கேட்டதில்லை.

சாருஜா மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, கீழ்த்தட்டுக்கு ஏன் வைக்கேல்லை?"

"குனிய ஏலேல்லை. தலை சுத்தினது."

"ஒருநாளும் வைக்கேல்லையா?"

"ஒருநாளும் இல்லை."

அவள் ஒரே ஓட்டமாக மாடிக்கு ஓடி, அந்த இரண்டு கறுப்புப் பெட்டிகளையும் எடுத்து வந்து கணினியில் பொருத்தினாள். புவனேந்திரன் அவற்றைச் சூட்டை அளக்கிற சாமான் என்று நினைத்திருந்தார். அவை காற்றின் ஈரத்தையும் அளந்திருந்தன. திரையில் இரண்டு கோடுகள் வந்தன. கீழ்த்தட்டுக் கோடு படுத்தபடி நேரே போனது. மேல்தட்டுக் கோடு ஒவ்வொரு விடியலிலும் குப்பென்று மேலே ஏறி, மாலை வரை மெல்ல மெல்ல இறங்கியது.

"ஈரம் முக்கியம் எண்டு எனக்குத் தெரியும்," என்றாள் சாருஜா, திரையை விட்டுக் கண் எடுக்காமல். "காத்து ஈரமா இருந்தா உடம்பிலை இருந்து தண்ணி லேசிலை போகாது. ஆனா எவ்வளவு ஈரம் இருந்தா எவ்வளவு தப்பும் எண்டு பாக்கிற வேலையை அடுத்த வருஷத்துக்கெண்டு வச்சிருந்தனான். அந்தத் தீவிலை மழைக்காலத்திலை விழுற சாம்பலுக்குத் தப்புற பூச்சி, வெய்யிலுக்கை விழுற சாம்பலுக்குச் செத்துப்போகும் எண்டு சொல்லலாம். இதிலை அது வடிவாத் தெரியுது." பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "கோவம் இன்னும் போகேல்லை. அதையும் சொல்லிப்போட்டன்."

"சரி பிள்ளை."

"ஆனா நீங்கள் குனிஞ்சிருந்தா நான் இண்டைக்கு முடிஞ்சன்."

அடுத்த நாள் பாறணை. கலாவதி பத்துக் கறியோடு சோறு படைத்தாள். முதல் கிளாஸ் தண்ணீரைச் சாருஜாதான் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் அதைக் குடித்து முடிக்கிற நேரம், முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய போனில் யோகராஜா கதைத்தார். வழக்கமாக அந்தக் கதை, ஓம், இல்லை, பரவாயில்லை என்று அரைகுறையாக முடிந்துவிடும். அன்றைக்குக் கலாவதி வண்டுக் கதையைச் சொன்னாள். துவாயை, கள்ள விரதத்தை, அம்பலவாணனை எல்லாம் சொன்னாள். பிறகு, "மச்சான் வண்டுக்கோ தண்ணி வச்சவர்?" என்று கேட்டு யோகராஜா சிரித்தார். இருமி இருமிச் சிரித்தார். கலாவதி போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபடி மூன்று பேரும் சோற்றில் கை வைக்காமல் இருந்தார்கள்.

சாருஜா பரீட்சைக்குப் போனாள். நடந்ததை நடந்தபடியே சொன்னாள். அப்பாவின் விரதம் என்ற இடத்தில் மூன்று பேரில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். எந்த அளவுத் துவாய் என்று இன்னொருவர் கேட்டாராம். கடைசியில் தேறிவிட்டாள். இதே சோதனையை முறைப்படி, ஈரத்தை அளந்து, துவாயும் தகப்பனும் இல்லாமல் மறுபடி செய்ய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அம்பலவாணன் தன் கடமையைச் செய்தார். இரண்டு நாளில் ஹரோவிலும் வெம்பிளியிலும் கதை தெரியாத தமிழன் இல்லை. ஆனால் புவனேந்திரன் பயந்தது போல நடக்கவில்லை. வண்டுக்கே தண்ணீர் வைத்த மனிதன் அரிசியில் கலப்படம் செய்வானா என்று சனம் முன்னையிலும் அதிகமாகவே வந்தது. ஒரே ஒரு தொல்லைதான். பிலோமினம்மா என்ற வாடிக்கையாளர், வேறெங்கோ வாங்கி வண்டு பிடித்த உளுந்துப் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "கொல்ல மனம் வரேல்லை அண்ணை. நீங்கள்தான் வளர்க்கிறியளாம், வச்சுக்கொள்ளுங்கோ." அவர் போனதும் புவனேந்திரன் பையைத் திறந்து, பெருவிரலை நீட்டி, நீட்டிய விரலை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வியாபாரம் வியாபாரம்தான் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் நசுக்கவில்லை, பையை இறுகக் கட்டிக் காரின் பின்பக்கத்தில் போட்டார்.

சோதனை முடிந்த வண்டுகளைக் குளிர்ப்பெட்டியில் போட்டு முடித்துவிடுவதுதான் பல்கலைக்கழக வழக்கம். தப்பினவற்றை எல்லாம் சாருஜா ஒரே போத்தலில் சேர்த்து அப்பாவின் கையில் கொடுத்தாள். "உங்கடை மேல்தட்டு ஆக்கள்," என்றாள். "எனக்கு இனித் தேவையில்லை. கடைக்கு மட்டும் கொண்டு போயிடாதேங்கோ." அவர் போத்தலைத் திரும்பவும் சூட்டு அலுமாரிக்குள் வைத்தார். அவற்றுக்குப் போட்டது கடையிலேயே விலை கூடின சிவப்புப் பச்சையரிசி. இதைக் கேட்ட கலாவதி, "கட்டின பெண்சாதிக்கு உடைஞ்ச அரிசி, வண்டுக்குச் சிவப்பரிசி," என்று நாள் முழுக்கப் புறுபுறுத்தாள்.

கார்த்திகை பிறந்து குளிர் இறங்கியது. ஒரு நாள் விடியப்புறம் புவனேந்திரனுக்கு விழிப்பு வந்துவிட்டது. குளியலறையில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. குளிக்கிற சத்தம் அல்ல. நூல் போலத் திறந்துவைத்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்று ஓடவிடுகிற சத்தம். பக்கத்தில் தடவிப் பார்த்தார். கலாவதியின் இடம் வெறுமையாக இருந்தது. குழாய் நின்றது. ஏதோ பிழிகிற சத்தம் கேட்டது. பிறகு அலுமாரிக் கதவு மெல்லக் கிறீச்சிட்டுச் சாத்துப்பட்டது.

அவள் குளிர்ந்த கையோடு போர்வைக்குள் வந்து புகுந்தாள். புவனேந்திரன் கண்ணை மூடியபடியே கேட்டார்.

"என்னப்பா, களவாத் தண்ணி குடிக்கிறீரோ?"

"சும்மா படுங்கோ," என்றாள் கலாவதி.